குறிவைத்த எழுத்தும் குறிக்குள் வராத மக்களும்

"வாசகனை அறிந்து எழுது" என்னும் உபதேசம் இன்று எங்கும் கேட்கிறது. எழுத்துப் பயிற்சிப் பட்டறைகளிலும், விளம்பர நிலையங்களிலும், தொண்டு நிறுவனங்களின் கருத்தரங்குகளிலும், பத்திரிகைக் காரியாலயங்களிலும் அது ஏறத்தாழ வேதவாக்காகிவிட்டது. எழுதத் தொடங்குமுன் உன் வாசகனின் வயதென்ன, வருமானமென்ன, அவன் எதற்கு ஆசைப்படுகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று கணக்கெடு. அந்த ஆசையையும் அச்சத்தையும் தொட்டு எழுது. அவன் தானாக உன் பக்கம் திரும்புவான் என்பது இவ்வுபதேசத்தின் சாரம். இத்தகைய வாசகனுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'இலக்கு வாசகர்' என்பதாகும். இலக்கு என்பது குறி. வேடன் மானுக்கு வைப்பதும் குறிதான் என்பதை இச்சொல்லைப் படைத்தவர்கள் மறந்தார்களோ, அன்றி நன்கு தெரிந்தேதான் படைத்தார்களோ, நாமறியோம்.

வாசகனை அறிய வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தன் முன்னிருக்கும் மாணவன் யார், எந்த வீட்டிலிருந்து வருகிறான், காலையில் உண்டானா இல்லையா என்பதை அறியாத ஆசிரியன் கற்பிக்க முடியாது. எழுத்தாளனுக்கும் அதுவே பொருந்தும். ஆயினும் இந்த உபதேசத்தை அப்படியே விழுங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வாசகனை அறிவது எந்தக் காரியத்துக்காக? இப்படிக் குறிவைக்கும்போது, குறிக்குள் வராமல் விடப்படுகிறவர்கள் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மலைநாட்டின் நூற்றைம்பது ஆண்டுக்கால எழுத்து வரலாறே போதுமான சான்று தரும்.

தோட்டத் தொழிலாளனை அறிந்து எழுதும் கலையை முற்போக்காளர்கள் கண்டுபிடிக்கவில்லை. தோட்ட முறையின் ஆதரவாளர்கள் அதிலே நமக்கு முன்னோடிகள். 1869-ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. மலைநாட்டு வாழ்வைப் பொருளாகக் கொண்டு அச்சில் வந்த மிகப் பழைய தமிழ் நூல்களில் அது ஒன்று. கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளை விளக்கி, துரைமாரைப் போற்றி, உழைப்பின் கடமையை எடுத்துரைப்பது அந்நூல். அதன் ஆசிரியர் தெரிந்தெடுத்த வடிவத்தைக் கவனியுங்கள். வெண்பாவை அவர் நாடவில்லை, விருத்தத்தை நாடவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த உழவர் மக்கள் கைதட்டிப் பாடிப் பழகிய கும்மியை எடுத்துக்கொண்டார். கேட்போரின் காதையும் நாவையும் அவர் நன்றாகவே அறிந்திருந்தார். இன்றைய பட்டறை ஆசான்கள் கண்டால் பாராட்டி முதுகில் தட்டக்கூடிய எழுத்து அது. ஆனால் அந்த அறிவு யாருடைய களஞ்சியத்தை நிறைக்க உதவிற்று? பாடுகிறவனின் இசையை அவனிடமிருந்து வாங்கி, அதற்குள் அவன் எசமானின் வார்த்தையை வைத்து, அவனிடமே திருப்பிக் கொடுத்த காரியம் அது.

இதற்கு அடுத்த படியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்கூசன் என்பவர், புதிதாக வரும் சின்னத்துரைமாருக்கெனச் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு தமிழ்க் கைந்நூல் எழுதினார். அதன் பெயரே 'இங்கே வா'. பின்னர் 1915-ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' கொழும்பில் வெளிவந்தது. தேயிலை, றப்பர்த் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்றும், தோட்டத்துரைமாருக்கும் அத்தொழில் பயில்வோருக்குமாக அமைக்கப்பட்டது என்றும் அதன் முகப்பே கூறிற்று. வாசகர் யார் என்பதில் இந்நூல்களுக்கு எள்ளளவும் மயக்கமில்லை. தமிழ் தமிழனுக்காக எழுதப்படவில்லை. தமிழனை ஏவுகிறவனுக்காக எழுதப்பட்டது. வள்ளுவனும் இளங்கோவும் எழுதிய மொழியிலிருந்து ஏவல் வினைகள் முன்னுக்கு எடுத்துவைக்கப்பட்டன. வா, போ, வெட்டு, எடு, நில். தொழிலாளி எதிர்க்கேள்வி கேட்பதற்கான இலக்கணத்தை எந்தத் துரைக்கும் எவரும் கற்பித்துக் கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மக்களின் மொழியை அறிவது வேறு, மக்களை மதிப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

மூன்றாவது படி கடல் கடந்தது. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியிருந்த 1932-ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது அறவிடப்பட்ட தீர்வையே அதன் மூலதனம். அயல்நாட்டுக் குடும்பங்கள் எவ்வேளையில் தேநீர் அருந்துகின்றன, எவ்வகைப் படம் அவர்களின் மனத்தைத் தொடும் என்றெல்லாம் ஆராய்ந்து எழுதும் தொழில் இவ்வாறு அரசின் ஆதரவோடு வேரூன்றியது. பச்சை மலை, கூடை சுமந்த பெண், அவள் முகத்தில் ஒரு புன்னகை ஆகியன தேயிலை விளம்பரத்தின் நிலையான சின்னங்களாயின. அவளுடைய விரல்கள் பறித்த கொழுந்தின்மீது விழுந்த தீர்வையிலிருந்து அவளைப் பற்றிய விளம்பரத்துக்குப் பணம் வந்தது. அந்த எழுத்தில் அவள் பொருளாக இருந்தாள், வாசகியாக இருக்கவில்லை.

ஆனால் இதே காலத்தில், இதே மலைகளில், இன்னோர் எழுத்தும் பிறந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழையக்கூடாதென்று கதவடைக்கப்பட்டிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரிபோலச் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது வரலாறு. அவரும் வாசகனை அறியத்தான் சென்றார். 1924-ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார்; 1931-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் தலைப்பில் 1940-ஆம் ஆண்டில் சிறு பிரசுரமாக வெளிவந்தன. முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வுக்கான போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதும் அதே 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான்.

மீனாட்சி அம்மாளின் பாடல்கள் அந்நாளில் மக்கள் வாயில் புழங்கிய பாட்டுகளின் மெட்டுகளில் அமைந்தவை. "மலிவான உத்தி" என்று முகஞ்சுளிக்கும் இரசிகர்கள் இன்றும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இது: எழுத்தறியாத ஒரு தாய் ஒரே தடவை கேட்டுவிட்டு, அடுத்த நாள் மலையில் கொழுந்து கிள்ளியவாறே பாடிவிடக்கூடிய வடிவம் எதுவோ, அதுவே அவ்வேளையின் சிறந்த வடிவம். கவர்ச்சி பாவமன்று. ஆபிரகாம் ஜோசப்பும் மக்கள் அறிந்த இசையைத்தான் எடுத்தார். மீனாட்சி அம்மாளும் அதைத்தான் எடுத்தார். முன்னவரின் கும்மியைப் பாடியவள் குனிந்து வேலை செய்யக் கற்றிருப்பாள். பின்னவரின் பாட்டைப் பாடியவள் தலை நிமிர்த்திக் கணக்கப்பிள்ளையிடம் கணக்குக் கேட்கத் துணிந்திருப்பாள். எழுத்தை அளக்கும் கோல் இங்கேதான் இருக்கிறது.

நடேசய்யரின் நூல்கள் சிலவற்றின் பெயர்களைப் பாருங்கள்: 'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே'. இவையும் தொழிலாளியை முன்னிலையில் விளிக்கின்றன. 'இங்கே வா' என்ற கைந்நூலும் அவனை முன்னிலையில்தான் விளித்தது. இரண்டும் 'நீ' என்றே அழைக்கின்றன. ஒன்று அவனுடைய உடம்பைக் கூப்பிடுகிறது. மற்றொன்று அவனுடைய அறிவைக் கூப்பிடுகிறது. வாசகனை அறிந்து எழுதுவதாகக் கூறும் எவனையும் நாம் கேட்க வேண்டியது, உன்னுடைய 'நீ' இவ்விரண்டில் எது என்பதே.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். குறிக்குள் வராதவர்கள் யார்?

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது, கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறுவருடம், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. இந்த நீண்ட காலத்தில் வாக்கில்லாத மனிதனை நோக்கி எந்த வேட்பாளன் எழுதுவான்? கையிற் காசில்லாத மனிதனை நோக்கி எந்த வியாபாரி எழுதுவான்? குறிவைக்கும் எழுத்தின் உண்மையான இலக்கணம் இங்கே வெளிப்படுகிறது. வாங்கத் தெம்புள்ளவனும் வாக்களிக்க உரிமையுள்ளவனுமே அதன் கண்ணுக்கு வாசகர். மற்றவர்கள் அதன் கணக்கில் பிறக்கவேயில்லை.

வாக்குரிமை திரும்பிய பின்னரும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. நுவரெலியாவைப்போல இங்கே தமிழ்த் தோட்டங்கள் தொடர்ச்சியாக அமைந்தவையல்ல. இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, தெரணியகலை என்று சிங்களக் கிராமங்களுக்கிடையே, தேயிலையும் றப்பருமாகச் சிதறிக் கிடப்பவை. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இம்மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, சிதறிக் கிடப்பதன் பொருள் என்னவென்பதை மக்கள் தம் உயிரைக் கொண்டு அறிந்தார்கள். இன்றும் இப்பகுதித் தமிழர் பத்திரிகை வியாபாரத்துக்குச் சிறு தொகையினர். தேர்தல் வியாபாரத்துக்கும் சிறு தொகையினர். ஆகவே அவர்களுக்கென்று எழுதுவது 'இலாபமில்லை'. 2023-ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். அது போற்றத்தக்க நிகழ்ச்சி. அவ்வாண்டில் மலையகத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. மலையகத்துக்கு எழுதப்பட்டது எவ்வளவு? பற்றி எழுதுவதற்கும் அவர்களுக்கு எழுதுவதற்கும் இடையேயுள்ள தூரம், கொழும்புக்கும் லயத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைவிட அதிகம்.

இதை உணர்ச்சிப் பேச்சென்று எவரும் தள்ளிவிடாதிருக்க, இரண்டு உதாரணங்கள் தருகிறோம். ஒன்று வயிற்றைப் பற்றியது. மற்றொன்று உயிரைப் பற்றியது.

2021-ஆம் ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. 2024-ஆம் ஆண்டு மே தினத்தையொட்டி 1,700 ரூபாய் என்ற அறிவிப்பு முழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் முடிவாக வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மீதி 350 ரூபாய் உற்பத்திக்கான ஊக்கத்தொகை என்று கூறப்பட்டது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,750 ரூபாய் என்றது. அதிலும் 1,550 ரூபாயே அடிப்படை, 200 ரூபாய் வேலைக்கு வரும் நாளுக்கென அரசு தரும் ஊக்கத்தொகை. இவ்வறிவிப்புகளைப் பற்றிய சுவரொட்டிகளும் தலைப்புச் செய்திகளும் எப்படி எழுதப்படும் என்பது நாம் அறியாததன்று. பெரிய தொகை பெரிய எழுத்தில். நிபந்தனை சிறிய எழுத்தில், அல்லது எழுத்தே இல்லாமல். குறிவைத்து எழுதும் கலையின் முழு வெற்றி இது. ஆசையைத் தொட்டாயிற்று, தலை திரும்பியாயிற்று. ஆனால் சம்பள நாளன்று கைக்கு வந்த துண்டைப் பார்த்து, "எத்தனை பேர் விழுந்தது? எத்தனை அரைப்பேர் ஆயிற்று? சேமலாப நிதிக்கு எந்தத் தொகையில் கழித்தார்கள்?" என்று ஒரு பெண் கேட்க வேண்டியிருக்கிறதே, அதற்கு உதவும் ஒரு பக்கத் தமிழை எழுதியவர் எத்தனை பேர்? ஊக்கத்தொகைக்கும் அடிப்படைச் சம்பளத்துக்குமுள்ள வேறுபாடு, அவள் முதுமையில் பெறப்போகும் சேமலாபத்தின் அளவையே மாற்றக்கூடியது. அதை அவளுக்குப் புரியும்படி எழுதுவது கவிதை எழுதுவதிலும் தாழ்ந்த தொழிலென்று நினைப்பவர் முற்போக்குப் பெயரை ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாவது உதாரணம் மலையே எழுதியது. 2003-ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தை நிலைகுலையச் செய்தன. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை இறங்கிற்று. மறுவருடம் மே மாதத்தில் மீண்டும் இரத்தினபுரி. மீரியபெத்தை அபாயமான இடமென்று 2005-ஆம் ஆண்டிலும் 2011-ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்ததாக, அனர்த்தம் நிகழ்ந்த பின்னர் அதிகாரிகள் கூறினர். எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, கோப்பில் இருந்தது. அந்த லயத்தில் படுத்துறங்கியவர்கள் அதன் வாசகர்களாகக் கருதப்பட்டார்களா? அவர்கள் படித்திருந்தாலும், வேறு எங்கே போய் உறங்குவது என்பதை அந்தத் தாளில் எவர் எழுதிவைத்தார்?

சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும், தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டென்று அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை கூறுகிறது. இது 1988-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தத்தின் பயன். எனினும் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் 'தித்வா' சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்னும் முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. ஒரு மக்கள் கூட்டத்தை வாசகராகக் கருதாமை இலக்கியக் குறைபாடு மாத்திரமன்று. அது மண்ணுக்கடியில் கொண்டுபோய் விடும்.

மொழிபெயர்த்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றர் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகள் வகுத்திருக்கிறது. அவை விஞ்ஞான அறிவின் பயன், அவற்றை மதிக்கிறோம். ஆனால் லயத்து இஸ்தோப்பில் மழைமானி தொங்குவதில்லை. அங்குள்ள தாய்க்கு இப்படியல்லவா எழுத வேண்டும்: "வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்திட்டில் வெடிப்புத் தெரிகிறதா? நேற்றுவரை நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா? ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, அல்லது நின்றுபோயிற்றா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்."

நான்கைந்து வரிதான். ஆனால் இவ்வரிகளை எழுத முயல்பவனுக்கு என்ன நேர்கிறது என்று சிந்தியுங்கள். 'இன்ன பள்ளிக்கூடம்' என்ற இடத்தில் ஒரு பெயரை இட வேண்டும். அப்பள்ளிக்கூடமே சரிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க வேண்டும். பாதை வெள்ளத்தில் மூழ்குமா என்று நடந்து பார்க்க வேண்டும். அதிபரையும், தோட்ட நிர்வாகத்தையும், கிராம உத்தியோகத்தரையும் சந்தித்துத் தொல்லை கொடுக்க வேண்டும். பெயரை நிரப்ப முடியவில்லையென்றால், அந்த வெற்றிடமே ஒரு குற்றப்பத்திரிகையாகிறது; இந்த லயத்து மக்களுக்கு ஓடிப்போக ஓர் இடமில்லை என்பதை அது ஊரறியச் சொல்கிறது. வாசகனுக்காக உண்மையிலேயே எழுதப் புகுபவன் தன் மேசையை விட்டு எழாமல் இருக்க முடியாது. வாசகனைக் கவர மட்டும் எழுதுபவன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. இரண்டு வகை எழுத்துக்குமுள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக வேறெதனாலும் விளக்க முடியாது.

இனி, நமக்கு எதிரே நிற்கும் வாதங்களைச் சந்திப்போம்.

"கலைஞன் எவருக்காகவும் எழுதுவதில்லை; தன் ஆத்மாவின் அழைப்புக்கே எழுதுகிறான்" என்று கூறும் தூய கலைவாதிகள் இருக்கிறார்கள். அவர்களும் அச்சகத்துக்குச் செல்கிறார்கள். வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். விமர்சகர் பாராட்டாவிட்டால் வருந்துகிறார்கள். எவருக்காகவும் எழுதாதவன் என்று ஒருவனும் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஒளிப்பவன்தான் உண்டு. ஜெர்மானியக் கவிஞர் பிரெக்ட் நாஜி ஆட்சியிலிருந்து வெளியேறி வாழ்ந்த நாட்களில், உண்மையை எழுதுவதிலுள்ள ஐந்து இடர்ப்பாடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். உண்மையைக் கண்டுபிடிப்பதும் துணிந்து எழுதுவதும் மாத்திரம் போதாது, எவர் கையில் சேர்ந்தால் அவ்வுண்மை செயலாகுமோ அவரைத் தெரிந்தெடுக்கும் விவேகமும் வேண்டும் என்பது அவர் கூறியவற்றுள் ஒன்று. வியாபாரி வாசகனைத் தெரிவதற்கும் பிரெக்ட் வாசகனைத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு, மீனவன் மீனைத் தேடுவதற்கும் மாலுமி துணைக்கு ஒரு மாலுமியைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

"மக்கள் கேட்பதைத்தானே நாங்கள் கொடுக்கிறோம்" என்பது சந்தைக்காரரின் வாதம். மக்கள் எப்போது கேட்டார்கள்? எதைக் காட்டி எதைக் கேட்கச் சொன்னீர்கள்? சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். எவரும் குறிவைக்காமல், எவரும் அச்சிடாமல், மக்கள் தாமே தமக்காகப் பாடிக்கொண்ட பாடல்கள் அவை. அவற்றில் தாலாட்டும் காதலும் உண்டு. கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் கூர்மையும் உண்டு. பிரிந்து வந்த ஊரின் ஏக்கமும் உண்டு. எழுத்தறியாத மக்கள் கேட்கத் தெரியாதவர்கள் என்பது பொய். அவர்கள் கேட்டவற்றுள் விற்கக்கூடியதை மாத்திரம் பொறுக்கியெடுத்து, "மக்களின் இரசனை இவ்வளவே" என்று அளந்து காட்டுவது சந்தையின் பழைய சூழ்ச்சி.

மூன்றாவது வாதம் நம் பாசறைக்குள்ளிருந்தே எழுவது. 1954-ஆம் ஆண்டில் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழிவந்தோர், 1960-களின் தொடக்கத்தில் பண்டிதர்களோடு பொருதி, 'இழிசனர் வழக்கு' என்று இகழப்பட்ட மக்கள் பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் பெற்றுக்கொடுத்தனர். அது பெருவெற்றி. ஆனால் அவ்வெற்றியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்று எழுதுவோரில் சிலர், பாத்திரங்களின் வாயில் தோட்டத்துப் பேச்சை வைத்துவிட்டு, அந்தப் பேச்சைப் பேசுகிறவர் ஒருபோதும் படிக்கமாட்டார் என்னும் நிச்சயத்தோடு எழுதுகிறார்கள். தொழிலாளியின் நாவு கதைக்குள் இருக்கிறது. அவனுடைய கண் அந்தப் பக்கத்தின்மேல் இல்லை. பரிசுக் குழுவும் பல்கலைக்கழகக் கருத்தரங்குமே அவர்களுடைய இலக்கு வாசகர். இதற்கும் தேயிலைப் பெட்டியில் அச்சிட்ட புன்னகைக்கும் தூரம் எவ்வளவு?

வெளியாருக்காக எழுதுவதே தவறென்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. வேலுப்பிள்ளை தம் நெடுங்கவிதையை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி, ஆட்சியாளரின் மொழியிலேயே அவர்கள் முகத்துக்கெதிரே வைத்த சாட்சியம் அது. பின்னர் சக்தி அ. பாலஐயாவின் தமிழாக்கத்தில் அது 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரோடு தன் மக்களிடம் வந்து சேர்ந்தது. உலகின்முன் மக்களுக்காகச் சாட்சி சொல்வது ஒன்று. உலகத்துக்கு மக்களைக் காட்சிப்பொருளாக்குவது இன்னொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாதவர் எவருமிலர். பிரித்தறிய விரும்பாதவரே உளர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நம் மாவட்டத்தில் தமிழ்ப் பாடசாலை தூரமாயிருப்பதால் சிங்கள மொழிமூலம் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தாயிடம் தமிழ் பேசுகிறார்கள். தமிழைப் படிக்கத் தெரியாதிருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம் எழுத வேண்டியிருக்கிறது. அதாவது உரக்கப் படித்துக் காட்டக்கூடியதாக எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் முன்வைப்பது எளிய தேர்வு. எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் லயத்துக்குச் செல்லுங்கள். பால் வெட்டிவிட்டு வந்தவரும், கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவரும் இருக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். அவர்கள் இடைமறித்து, "அது அப்படி இல்லை, தம்பி" என்று சொன்னால் அந்த வரியைத் திருத்துங்கள். அவர்கள் பேசாமல் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லி எழுந்து சென்றால், அந்தப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து எழுதுங்கள். மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் எவராவது ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாரென்றால், அன்றைக்கு நீங்கள் எழுத்தாளர்.

சம்பளத் துண்டை விளக்கும் ஒரு பக்கம், சேமலாப நிதி விண்ணப்பத்தை விளக்கும் ஒரு பக்கம், மண்சரிவு வேளையில் போக வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஒரு பக்கம் என ஒவ்வொரு தோட்டத்துக்கும் இம்மூன்றையாவது வரும் மழைக்காலத்துக்குமுன் எழுதி முடிக்கலாம். கதையும் கவிதையும் வேண்டாமென்பதில்லை. அவையும் இந்த மண்ணில் கால்பதித்தே வளரட்டும். 'இங்கே வா' என்ற ஏவலைக் கேட்டே வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகளுக்கு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கும் தமிழ் வந்து சேர வேண்டும். அதை எழுதும் வேலை நமக்குக் காத்திருக்கிறது.